கத்திரி நகர்த்திய அடிகள்

ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போன் செய்து, "சற்று நேரம் இணைப்பில் இருக்கவும்" என்ற குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். குரல் முடிந்ததும் இசை வரும். முப்பத்திரண்டு விநாடி ஓடிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மூன்றாவது சுற்றில் எரிச்சல் வரும். ஏழாவது சுற்றில், இதைப் போட்ட ஆள் கையில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்குவீர்கள். அந்த ஆள் என் நாத்தனார். கையில் கிடைத்தாலும் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, ஏற்கெனவே பாதி உயிரோடுதான் வேலையிலிருந்து திரும்புவாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் கத்திரி. வைத்தவர் என் கணவர். அவளுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது, அண்ணன் உயிராய்ச் சேர்த்து வைத்திருந்த கேசட்டுகளில் ஒன்றை எடுத்து, உள்ளே இருந்த நாடாவை உருவி, கத்திரியால் பத்து இடத்தில் வெட்டி, வேறு வரிசையில் ஒட்டி வைத்தாளாம். போட்டுக் கேட்டால் பாடகர் ஒரே சொல்லை ஏழு தடவை பாடுவார், எட்டாவது தடவை வெறும் மூச்சு மட்டும் வாங்குவார். அண்ணன் முதுகில் இரண்டு வைத்தார். பிறகு அதையே மூன்று தடவை போட்டுக் கேட்டார். இன்றைக்கும் அவள் இந்தக் கதையைச் சொல்லுவாள். அடி வாங்கியதை விட்டுவிட்டு, மூன்று தடவை கேட்டதை மட்டும் சொல்லுவாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. போன்களுக்குக் காத்திருப்பு இசை, லிஃப்டுகளுக்கு மாடி மணி, "கதவு மூடுகிறது" என்று சொல்லும் குரல், இவற்றையெல்லாம் செய்து கொடுக்கிற கம்பெனியில் பதினாறு வருஷமாக இருக்கிறாள். ஜன்னல் இல்லாத பெட்டி போன்ற அறையில், காதில் ஹெட்போனோடு, குரல் கொடுப்பவர்கள் சொற்களுக்கு நடுவே விடுகிற மூச்சை ஒவ்வொன்றாக வெட்டி எறிவதுதான் அவள் வேலை. அவளுக்கு வரன் பார்த்த காலத்தில் நான்கூட என் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், இவளைக் கட்டிக்கொள்கிறவன் மூச்சு விடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்று. வந்த வரன்கள் எல்லாம் அவள் அறையைப் பார்த்துவிட்டு ஓடிப்போனார்கள். அவளும் யாரையும் தடுக்கவில்லை.

அவர்கள் பார்த்த அறை ஆபீஸ் அறை இல்லை, டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற கிடங்கு. சுவரெல்லாம் பழைய மெத்தை, தரையெல்லாம் ஒயர். அங்கே உட்கார்ந்து அவள் தனக்காக இசை செய்வாள். எலெக்ட்ரானிக் இசை. பாட்டு கிடையாது, பாடுகிறவர் கிடையாது, துடிப்பும் முனகலுமாகப் பத்து நிமிஷம் போகும். 'நாலாவது மாடி' என்ற பெயரில் இணையத்தில் போடுவாள். மாதத்துக்கு நாற்பத்தொரு பேர் கேட்கிறார்கள் என்று அதுவே எண்ணிக்கை காட்டும். அதில் மூன்று பேர் நாங்கள்தான் என்பது எனக்குத் தெரியும், நானும் என் கணவரும் எங்கள் வீட்டுப் பழைய டேப்லெட்டும்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அண்ணன் பழுது பார்க்கிற லிஃப்டில் தங்கை மணியடிப்பாள். குடும்பத்தில் சங்கீதம் மிச்சம் இருந்தது அவ்வளவுதான் என்று சில வருஷங்களாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் அவர் டிரம்ஸ் வாசித்தார். பங்க் என்கிற ராக் இசை. அது என்னங்க என்று கல்யாணமான புதிதில் கேட்டதற்கு, கிடாரில் மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் கோபம் என்றார். வீட்டில் பூனைக்குக்கூட வழிவிட்டு நிற்கிற மனுஷன், இவருக்கு ஏது கோபம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் டிரம்ஸில் கொண்டுபோய் வைத்திருந்தார் என்பது நேரில் பார்த்தபோதுதான் புரிந்தது. குழுவில் மூன்று பேர். பாடிக்கொண்டே கிடார் வாசிப்பவரை ஒல்லி என்று கூப்பிடுவார்கள், பேஸ் கிடார் வாசிப்பவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், மூன்றாவது இவர். லிஃப்ட் கெட்டுப்போனால் கதவில் மாட்டுகிற 'பழுது' என்ற பலகையை வேலையிடத்திலிருந்து கொண்டுவந்து பெரிய டிரம்மின் முகத்தில் கட்டியிருந்தார். குழுவுக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனால் அவர் வாசிப்பதைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும். பல்லவி வரப்போகிறது என்று தெரிந்ததும், பஸ் கிளம்பிவிடப் போகிறது என்பதுபோல் கை ஓட ஆரம்பித்துவிடும். ஒல்லியும் வாத்தியாரும் அவர் பின்னாலேயே ஓடுவார்கள். மூன்று பேரும் தொப்பென்று ஒன்றாகப் போய்ப் பல்லவியில் விழுவார்கள். கூட்டமும் கூடவே விழும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், பழுதுக்காரர்களின் ஒன்பது பாட்டுகளைக் கத்திரி பதிவு செய்தாள். அதே டயர் கடைக் கிடங்கில், இரண்டே நாளில். டிரம்ஸைச் சுற்றி நாலு மைக், கிடாருக்கு ஒன்று. டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக ஓட ஆரம்பிக்கும், எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு அது நிற்கும்வரை காத்திருப்பார்கள். மூன்றாம் நாள் அவர்கள் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். கத்திரி மட்டும் அடுத்த ஆறு வாரம் அந்தப் பாட்டுகளோடு உட்கார்ந்தாள்.

அந்த ஆறு வாரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது இந்த வருஷம்தான். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக்காட்ட எனக்குப் பொறுமை இல்லை.

கணினித் திரையில் வரிசையாகக் கோடுகள் இருக்கும், தாளத்துக்கு ஒரு கோடு. அவள் செய்கிற எலெக்ட்ரானிக் இசையில் ஒவ்வொரு அடியும் கோட்டின் மேல்தான் உட்காரும், மெஷின் அடிப்பதால் அதற்கு வேறு இடம் தெரியாது. அண்ணன் அடித்தது கோட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சிதறிக் கிடந்தது. அவள் கை பழக்கத்தில் போய்விட்டது. ஒன்பது பாட்டிலும் ஒவ்வொரு அடியாகப் பிடித்துக் கோட்டுக்கு இழுத்து வைத்தாள். நாலாவது பாட்டில் மூன்று விநாடி நீளத்துக்கு ஓர் உருட்டு உண்டு, எல்லா டிரம்மிலும் கை மின்னலாகப் போய் வரும். அதை அவர் மூன்று தடவை வாசித்திருந்தார். மூன்றிலிருந்தும் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றாக ஒட்டி, கொஞ்சம் வேகத்தையும் ஏற்றிவிட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் அது வழக்கமும் இல்லை. உங்கள் ஒரு தோள் இறங்கியிருக்கிறது என்று தையற்காரர் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார், உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். வேலை முடிந்து முதல் தடவை போட்டுக் காட்டியபோது நானும் கூட இருந்தேன். என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். முடிந்ததும், "நானா இது?" என்றார். கத்திரி குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டே, "பின்னே யாரு?" என்றாள்.

இருநூறு கேசட் போட்டார்கள். அந்த உலகத்தில் இன்னும் கேசட் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், மாத்திரை கவர் மடித்துப் பழகிய கை என்பதால் இருநூறு அட்டையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கேசட் எங்கெங்கோ போனது. எங்கேயோ தூர தேசத்தில் ஜெராக்ஸ் எடுத்து விற்கிற சின்னப் பத்திரிகை ஒன்றில் நாலு வரி எழுதியிருந்தார்கள். வாத்தியார் படித்துச் சொன்னார். பாடகர் சுமார், வரிகள் பரவாயில்லை, ஆனால் இந்த டிரம்மர் ஓர் அடிகூடப் பிசகவில்லை, இப்படி ஒரு கையை நாங்கள் கேட்டதில்லை என்று இருந்ததாம். என் கணவர் அதை வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். காலையில் சட்டை எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

அப்புறம் ஆரம்பித்தது தொல்லை. கேசட் கேட்டுவிட்டு வந்தவர்கள் நிகழ்ச்சியில் அதே டிரம்ஸை எதிர்பார்த்தார்கள். ஒரு தடவை, கேசட்டில் கையெழுத்து வாங்க வந்த ஆள் நல்ல மனசோடுதான் சொன்னான், கேசட்டில் இன்னும் கச்சிதமாக இருக்கும் இல்லையா என்று. அன்றைக்கு என் கணவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலிருந்து பயிற்சிக்கான ரப்பர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, காதில் தன் கேசட்டையே போட்டுக்கொண்டு, அதோடு சேர்ந்து வாசித்துப் பார்க்க ஆரம்பித்தார். குறிப்பாக அந்த நாலாவது பாட்டின் உருட்டு. திருப்பித் திருப்பி மூன்று விநாடி. வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், லீவு நாளில் நாலு மணி நேரம். நாலு வருஷம்.

கை வலி என்று மற்றவர்களிடம் சொன்னார். நான் கடையிலிருந்து வலி மருந்து, மணிக்கட்டுக்குக் கட்டுகிற பட்டை, வெந்நீர்ப் பை, நரம்புக்கு மாத்திரை என்று ஒன்று விடாமல் கொண்டுவந்தேன். டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், ஒன்றும் இல்லை, நல்ல கை என்றார். அதைக் கேட்டு அவர் முகம் இன்னும் விழுந்துவிட்டது. நோய் என்று ஒன்று இருந்தாலாவது சாய்ந்துகொள்ள இடம் கிடைத்திருக்கும்.

ஒருநாள் பட்டையைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தக் கேசட்ல வாசிச்சவன் போயிட்டான். எங்க போனான்னு எனக்குத் தெரியல."

யாரிடமும் சொல்லாதே என்றார். முக்கியமாகத் தங்கையிடம். அவ்வளவு நன்றாகப் பதிவு செய்து கொடுத்தாள், தெரிந்தால் மனசு கஷ்டப்படுவாள் என்றார். நான் சொல்லவில்லை. பிறகு டிரம்ஸைக் கணக்கு வாத்தியாரின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார், பழுது குழு நின்றது, அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார். அது நடந்து ஏழு வருஷம். அதன் பிறகு வீட்டில் அவர் ஒரு தடவைகூட விரலால் மேஜையைத் தட்டியதில்லை. டிரம்மரைக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய அமைதி என்று.

இந்த வருஷம், இரண்டே பேர் சேர்ந்து நடத்துகிற சின்ன ரெக்கார்டு கம்பெனி ஒன்றிலிருந்து கத்திரிக்குக் கடிதம் வந்தது. பழுதின் ஒன்பது பாட்டையும் இசைத்தட்டாகப் போட ஆசைப்படுகிறோம், ஆரம்பத்தில் பதிவு செய்தது இருந்தால் அனுப்புங்கள் என்று. அவள் அட்டைப்பெட்டிக்குள் தேடி, பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்து மாட்டி, பதினொரு வருஷம் கழித்து முதல் தடவையாகத் திருத்தாத பதிவைக் கேட்டாள். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் கடைக்கு வந்து நின்றாள். நான் கவுண்டருக்குப் பின்னால் டப்பாவைத் திறந்து இரண்டு வாய்கூடச் சாப்பிடவில்லை, ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டாள்.

கேட்டேன். பல்லவி வரப்போகிறது, கை ஓடுகிறது, பின்னாலேயே கிடார் ஓடுகிறது. நடுவில் கம்ப்ரஸர் ஓட ஆரம்பிக்கிறது, இந்தப் பாட்டில் மட்டும் இவர்கள் நிறுத்தாமல் அதையும் இழுத்துக்கொண்டு போய்த் தொப்பென்று விழுகிறார்கள். இது அவர். பதினொரு வருஷமாகக் கேசட்டைக் கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட அதில் என் கணவர் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. எனக்குச் சங்கீத ஞானம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

"கேசட்ல நான் எல்லாத்தையும் இஸ்திரி போட்டு வச்சிருக்கேன் அண்ணி. செத்துக் கிடக்கு. எனக்கு அப்ப புரியல" என்றாள் கத்திரி.

இஸ்திரி என்றால் என்ன என்று கேட்டேன். கோடு, அடி, இழுப்பது எல்லாவற்றையும் சொன்னாள், தன் வேலையைப் பற்றிப் பேசுகிற சுவாரசியத்தோடு சொன்னாள். நான் குளுக்கோஸ் டப்பா அடுக்கிய அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நாலாவது பாட்டில் அந்த உருட்டு என்று கேட்டேன். அது மூன்றை ஒட்டி ஒன்றாக்கியது என்றாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

அவருக்கு நான் கொடுத்த வாக்கை அந்த இடத்தில் உடைத்தேன். கை வலி இல்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, நாலு வருஷம் காலையில் உட்கார்ந்து அந்த மூன்று விநாடியைத்தான் துரத்தினார், பிடிக்க முடியாமல்தான் விட்டார் என்று சொன்னேன். "கை வலின்னுதானே அண்ணன் சொன்னான்" என்றாள் கத்திரி. மறுபடியும் அதையே சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்து இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்தார். எடுத்துக் கொடுத்து, எத்தனை வேளை என்று சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்து, அப்படியே விட்டுவிடலாம் என்றேன். நாற்பத்தெட்டு வயது மனுஷன், ஒருமாதிரி மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டார், இப்போது போய்க் கிளறி என்ன ஆகப்போகிறது, பழைய கேசட்டையே இசைத்தட்டாகப் போடச் சொல் என்றேன். களைப்பில்தான் சொன்னேன். அந்த நாலு வருஷத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

"தன் கை கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டே அவன் சாகணுமா அண்ணி?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவரைக் கிடங்குக்கு அழைத்துப் போனேன். இசைத்தட்டு விஷயம் என்று மட்டும் சொல்லியிருந்தோம். ஏழு வருஷமாக அவர் அங்கே கால் வைக்கவில்லை. டயர் கடை மூடியிருந்ததால் சத்தமே இல்லை. கத்திரி என்ன சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருந்தாள், அதை எடுக்கவே இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள், திருத்தாத பதிவைப் போட்டாள்.

முதலில் சிரித்தார். கம்ப்ரஸர் வந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்து, ஞாபகம் இருக்கிறதா என்பதுபோல் தலையாட்டினார். நாலாவது பாட்டு வந்தது. உருட்டு வந்தது. நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கியது, ஆனால் அந்தத் தடுக்கலிலேயே ஒரு வேகம் இருந்தது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"கேசட்ல இப்படி இல்லையே" என்றார்.

கத்திரி நிறுத்திவிட்டுச் சொன்னாள். சுற்றி வளைக்காமல், நின்றுகொண்டே, எல்லாவற்றையும் சொன்னாள். நான் அவளைத் திட்டத் தயாராக வந்திருந்தேன், ஆனால் அவள் எதையும் குறைத்துச் சொல்லாததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"எத்தனை அடியை நகர்த்தின?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும்."

"அந்த உருட்டு?"

"அதை யாராலயும் வாசிக்க முடியாதுண்ணா. உன்னால மட்டும் இல்ல. மனுஷன் கையால முடியாது."

அவர் தரையில் கிடந்த ஒயரைக் காலால் ஓரமாக ஒதுக்கினார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்தார், பையை எடுத்துக்கொண்டார், போகலாம் என்று என்னிடம் சொன்னார். வாசலில் நின்று திரும்பினார்.

"நானா இதுன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். ஐந்தாறு நிறுத்தம் போன பிறகு வலது கையை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்றார். என்னிடம் சொன்னாரா, கையிடம் சொன்னாரா தெரியவில்லை. நான் வீட்டுக்கு வந்து மருந்து டிராயரில் கிடந்த மணிக்கட்டுப் பட்டைகளை எல்லாம் குப்பையில் போட்டேன். நாலு பட்டை இருந்தது.

அதன் பிறகு ஏழு வாரம் அண்ணனும் தங்கையும் பேசவில்லை. எனக்குக் கோபம் இருந்தது, அவள்மேல் பாதி, என்மேல் பாதி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேசட்டில் இருப்பது நீங்கள்தானா என்று நானும் கேட்டிருக்கலாம். என் காது சொன்னதை நான் நம்பவில்லை. கத்திரி தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் வாரா வாரம் கடைக்கு வந்தாள். அண்ணன் ஏதாவது சொன்னானா என்று கேட்க மாட்டாள், மாத்திரையை வாங்கிக்கொண்டு போகாமல் நிற்பாள். ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் பழைய கேசட்டா, திருத்தாததா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். டிரம்மர் சொல்கிறதுதான் முடிவு என்று எழுதிவிட்டாளாம். ஒல்லியும் வாத்தியாரும் அதற்குச் சரி என்றுவிட்டார்கள்.

இந்தப் பக்கம் இவர் செய்த வேலையைக் கேளுங்கள். மூன்று கட்டடங்களில் லிஃப்டுக்குத் தங்கை செய்து கொடுத்த மாடி மணி திடீரென்று ஊமையாகிவிட்டது. எந்த மாடி வந்தது என்று தெரியவில்லை என்று கண் தெரியாத ஒருவர் புகார் கொடுத்தார். சரி செய்ய இவரையே அனுப்பினார்கள். போய்ச் சரி செய்துவிட்டு வந்து, அந்த மனுஷனைத் தொந்தரவு பண்ணியது தப்பு என்று என்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டார். ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி இருந்தது.

ஏழாவது வாரம், புதன்கிழமை. சளி என்று லீவு போட்டிருந்தார். எனக்கு அன்றைக்குக் காலை ஷிஃப்ட்தான், மூன்று மணிக்கு வீட்டில் இருந்தேன். சாப்பாட்டு மேஜையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தது அவருக்குத் தெரியும், நான்தான் போகிற போக்கில் காதில் போட்டு வைத்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். வேலை நேரத்தில் கத்திரி தன் போனை அந்தப் பெட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்பதால் ஆபீஸ் எண்ணுக்குத்தான் போட வேண்டும். எடுத்த பெண் தங்கையைக் கூப்பிடுவதாகச் சொன்னாள், சற்று நேரம் இணைப்பில் இருக்கச் சொன்னாள். அவர் ஸ்பீக்கரைப் போட்டு, போனை வெங்காயத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இசை வந்தது. பழைய இசை இல்லை, புதிதாகப் போட்டிருந்தாள். முதல் சுற்று முழுவதும் அவர் வெங்காயம் உரித்தார். இரண்டாவது சுற்றில் கத்தியைக் கீழே வைத்தார். மூன்றாவது சுற்றில் வலது கை விரல்கள் மேஜையில் தட்ட ஆரம்பித்தன. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் என் கண்ணில் நீர் வந்தது அதனால் இல்லை.

ஆறாவது சுற்றின் நடுவில் அவள் வந்துவிட்டாள்.

"அண்ணா?"

"எட்டாவது அடி பிந்துது" என்றார்.



"தெரியும். கையால வாசிச்சேன். இழுத்து வைக்கப் போனேன், மனசு வரல. அப்படியே விட்டுட்டேன்."

"ஆபீஸ்ல யாரும் கேக்கலையா?"

"தினம் எத்தனையோ பேர் கேக்கறாங்க. கண்டுபிடிச்ச முதல் ஆள் நீதான்."

அவர் உரித்த வெங்காயம் ஒன்றை எடுத்து, உருட்டிப் பார்த்து, திரும்ப வைத்தார்.

"அது அப்படியே இருக்கட்டும். எங்களோடதும் அப்படியே போகட்டும். கம்ப்ரஸர் சத்தத்தோட."

ஸ்பீக்கரில் கத்திரியின் மூச்சுதான் கேட்டது, இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து. ஊரார் மூச்சை எல்லாம் வெட்டி எறிகிறவள், தன் மூச்சை மறைக்க முடியாமல் நின்றாள். அவர் அது அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா என்று சொல்லிப் போனை வைத்தார்.

வைத்த பிறகும் விரல்கள் நிற்கவில்லை. அதே இசையை மேஜையில் வாசித்துக்கொண்டிருந்தார், எட்டாவது அடி அவள் பிந்திய இடத்திலேயே வந்து விழுந்தது. நான் மீதி வெங்காயத்தை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.